செம்மஞ்சள் காளான் சாறு: வட்டத்தின் அளவை வைத்து வீரியத்தைச் சொல்லலாமா?

கேள்வி (முதுநிலை மாணவி):
பட்டுப்போன மரக்கட்டையில் தட்டுத் தட்டாக ஒட்டியிருந்த செம்மஞ்சள் காளானை (பிக்னோபோரஸ் சாங்குனியஸ்) நிழலில் உலர்த்திப் பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து, வற்றவைத்த சாற்றை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்தேன். பாக்டீரியா பரப்பிய அகார் (வளர்ப்புக் கூழ்) தட்டில் குழியிட்டு ஊற்றியபோது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸுக்கு எதிராக, பாக்டீரியா வளராத 15 மி.மீ. வட்டம் விழுந்தது, ஈ.கோலைத் தட்டில் ஒன்றுமே இல்லை. பக்கத்துக் குழியிலிருந்த ஆன்டிபயாட்டிக் 22 மி.மீ. காட்டியதால், சாறு அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு வீரியமுடையது என்று எழுதலாமா?

மறுமொழி 1:
எழுத வேண்டாம். வட்டத்தின் அகலம் மருந்தின் வீரியத்தோடு, அம்மூலக்கூறு அகாரில் எவ்வளவு தொலைவு பரவும் என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. பெரிய மூலக்கூறு வீரியமுடையதாக இருந்தாலும் குழியருகிலேயே தங்கிவிடும். சாற்றைத் திரவ ஊடகத்தில் படிப்படியாகப் பாதி பாதியாக நீர்க்கச் செய்து, வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவைக் கண்டறியுங்கள். கரைப்பானே பாக்டீரியாவைத் தடுத்ததா என்று அறிய, டி.எம்.எஸ்.ஓ. மட்டும் ஊற்றிய குழி ஒன்றும் தட்டில் இருந்ததா?

மறுமொழி 2:
ஈ.கோலையில் ஒன்றும் தெரியாததற்காகச் சோர்ந்துவிடாதீர்கள். ஈ.கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வு பல பொருள்களை உள்ளே விடாது; மீறி நுழைபவற்றையும் அதன் பம்புகள் வெளியே தள்ளிவிடும். 1951இல் கிளிட்டோபைலஸ் பாசெக்கெரியானஸ் உள்ளிட்ட காளான்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட புளூரோமுடிலின் என்ற பொருளும் ஈ.கோலையிடம் எடுபடுவதில்லை. ஆயினும் பாக்டீரியா தன் புரதத்தைத் தயாரிக்கும் ரைபோசோமில் ஒட்டிப் புரத உற்பத்தியை நிறுத்தும் அதன் செயல்முறை வீணாகவில்லை: முதலில் பன்றி, கோழிகளுக்கான டியாமுலின், பிறகு 2007இல் அமெரிக்காவில் தோல் களிம்பாக ரெட்டாபாமுலின், 2019இல் நிமோனியாவுக்கு லெஃபாமுலின் என்று வந்தது. காட்டிலிருந்து மனிதனின் மருந்துச்சீட்டை எட்ட அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. டி.எம்.எஸ்.ஓ. குழி வைக்கவில்லை, அது என் தவறுதான். சாற்றின் செம்மஞ்சள் நிறம் அகாரிலும் பரவியிருப்பதால், 15 மி.மீ. என்று நான் அளந்ததிலும் இப்போது ஐயம் வருகிறது.

மறுமொழி 1:
ஐயம் நியாயமானதே. தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் எங்கே முடிகிறது என்பதைப் பொருட்படுத்தாமல், பாக்டீரியாப் படலம் எங்கே தொடங்குகிறதோ அங்கே அளவுகோலை வையுங்கள். திரவ முறையிலும் இந்நிறம் இடைஞ்சல் செய்யும். பாக்டீரியா வளர்ந்ததைக் காட்டும் கலங்கல் கண்ணுக்குத் தெரியாது, உயிருள்ள பாக்டீரியாவைக் காட்டும் ரெசாசுரின் சாயம் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறுவதையும் அது மறைத்துவிடக்கூடும். திரவ ஊடகம் உள்ள ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு துளி எடுத்துப் புதிய அகாரில் இட்டு, மறுநாள் எதில் வளர்ச்சி இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.