கதவைச் சாத்தினால் தானே ஓடிவரும் சீட் பெல்ட்: உள்ளே என்ன இருக்கிறது?

பாளையங்கோட்டைப் பையன்:
அண்ணாச்சி, அமெரிக்காவில் இருக்கிற சித்தப்பா தன் பழைய டொயோட்டா க்ரெஸிடாவின் வீடியோ அனுப்பினார். சாவியைத் திருப்பினதும் தோள் பெல்ட் ஜன்னலுக்கு மேலே தானாகப் பின்னால் ஓடுகிறது. எப்படி?

வண்ணார்பேட்டை மெக்கானிக்:
பேய் பிசாசு இல்லை தம்பி, சின்ன மோட்டார்தான். கதவுக்கு மேலே ஒரு தண்டவாளம். பெல்ட் நுனி மாட்டிய துண்டு அதில் ஓடும். இரண்டு முனையிலும் சுவிட்ச். துண்டு போய்த் தட்டினதும் மோட்டார் நிற்கும். கதவைத் திறந்தால் முன்னால் ஓடி வழிவிடும். மோட்டார் மக்கர் பண்ணினால் கழற்றிக்கொள்ள தோள் பெல்ட்டில் தனி பக்கிள் உண்டு. ஆனால் இடுப்பு பெல்ட்டை நாமேதான் போடணும். அங்கேதான் வில்லங்கம். தோளில் விழுந்ததே போதும் என்று பலர் விட்டுவிடுவார்கள்; மோதினால் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போகும்.

தென்காசி ரோடு:
அமெரிக்காவில் 1987 மாடலிலிருந்து படிப்படியாக ஏர்பேக் அல்லது தானியங்கி பெல்ட் என்று சட்டம் வந்தது. பெல்ட் மலிவு. அப்புறம் 1998 மாடல் கார்களுக்கு ஏர்பேக்கே கட்டாயம். இதன் கதை முடிந்தது.

பாளையங்கோட்டைப் பையன்:
நம்ம ஆல்ட்டோவில் மாட்டலாமா?

வண்ணார்பேட்டை மெக்கானிக்:
என் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு வந்துராதே.