சீனப் பொருளாதார மாற்றம்: வகுப்பில் காட்ட ஆவணப்படங்கள் வேண்டும்

வணக்கம். பதினொன்றாம் வகுப்புக்குப் பொருளியல் எடுக்கிறேன். பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கிய 1978க்குப் பிந்தைய சீனா என்றால் பிள்ளைகளுக்கு ஷென்சென் நகரத்து வானுயர் கட்டடங்கள்தான். அவற்றை எழுப்பியவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

சென்ற வாரம் லிக்சின் ஃபான் இயக்கிய 'லாஸ்ட் டிரெய்ன் ஹோம்' (2009) படத்தில் இருபது நிமிடம் காட்டினேன். குவாங்சோ ஆடைத் தொழிற்சாலையில் தைக்கும் தம்பதி, சிச்சுவான் கிராமத்தில் பாட்டியிடம் வளரும் பிள்ளைகள், புத்தாண்டுக்கு ஊர் திரும்ப ரயில் நிலையத்தில் முட்டிமோதும் கூட்டம். வகுப்பு அப்படியே அடங்கிப்போனது. அதன்பிறகு, பள்ளி போன்ற அரசுச் சலுகைகளைப் பதிவான ஊரோடு கட்டிப்போடும் ஹுகோவ் குடிப்பதிவு முறையைச் சொன்னபோது சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். பாடநூலால் முடியாத காரியம்!

இன்னும் இரண்டு கதைகளுக்குப் படம் அகப்படவில்லை. ஒன்று, அன்ஹுய் மாகாணத்துச் சியாவ்காங்கில் 18 விவசாயிகள் ரகசியமாக நிலத்தைப் பிரித்துக்கொண்டதுபோல், கூட்டுப்பண்ணை கலைந்த கதை. மற்றது, தொண்ணூறுகளின் இறுதியில் அரசு ஆலைத் தொழிலாளர்கள் வேலையிழந்தது. ஷென்யாங் ஆலைகளைப் பற்றிய ஒன்பது மணி நேரப் படத்தை நண்பர் பரிந்துரைத்தார். என் பாடவேளையோ 45 நிமிடம்.

ஆங்கில சப்டைட்டில் இருந்தால் போதும். அரசு விளம்பரப் படங்களும், 'சீனா நாளையே கவிழும்' வகைப் படங்களும் வேண்டாம். வகுப்பில் காட்டிய அனுபவம் உள்ளவர்கள் எந்தப் பகுதியைக் காட்டினீர்கள் என்றும் சொல்லுங்கள்.