அடுக்குச் சுடுமண் தட்டு: வெடிப்பைத் திருப்புவதா, நெருக்கி நிறுத்துவதா?

முழங்காவில் ஆசிரியர்
எங்கள் பாடசாலை மாணவர் இருவர் விஞ்ஞானக் கண்காட்சிக்காகக் குளத்து மண்ணில் அடுக்குத் தட்டுகள் செய்கின்றனர். மண் தகடுகளுக்கிடையே, அரைத்த உமியை மண்குழம்பில் கலந்து பூசி, ஏழு தகடுகளை ஒன்றாக அழுத்திச் சுடுகின்றனர். உமி எரிந்ததும் நுண்டுளைகள் நிறைந்த நலிந்த படை மிஞ்சுகிறது. வெடிப்பு அதை எட்டினால் நேரே செல்லாமல் பக்கவாட்டில் திரும்பும். இதற்கு முன்மாதிரி, 1990 இல் கிளெக் என்ற ஆய்வாளரின் குழுவினர் சிலிக்கன் காபைட்டு என்ற பீங்கான் தகடுகளுக்குக் காரீயம் (பென்சில் கரியான கிராபைட்டு) பூசிச் செய்த அடுக்கு. அதை முற்றாக உடைக்கச் செலவான ஆற்றல் 100 மடங்குக்கும் மேல் உயர்ந்தது. காற்றோட்டமுள்ள எங்கள் சூளையில் காரீயம் நிலைக்காது என்பதால் உமியைத் தெரிந்தோம். ஒற்றைத் தட்டு சட்டென இரண்டாகிறது. அடுக்குத் தட்டோ வெடித்த பின்னும் சுமையைத் தாங்கிப் படிப்படியாகவே விடுகிறது. வலிமைக்கும் நம்பகத்தன்மைக்கும் இதுவே வழி என்கிறேன். மறுப்பவர்கள் எழுதலாம்.

அறிவியல்நகர் மாணவி
சேர், மறுக்கிறேன். நலிந்த படை, வெடிப்புத் தொடங்கிய பிறகு நடப்பதை மாற்றுகிறதே தவிர, அது எந்தச் சுமையில் தொடங்கும் என்பதை உயர்த்துவதில்லை. சுடுமண்ணும் பீங்கானும் தம்முள் இருக்கும் மிகப் பெரிய குறையிலிருந்தே உடைகின்றன என்பது, முறிவை ஆராய்ந்த கிரிபித் என்ற அறிஞரின் காலத்திலிருந்து தெரிந்த விடயம். ஒரே மண், ஒரே சூளை, ஆயினும் ஒரு தட்டில் பருமணல் ஒன்று இருக்கும், மற்றதில் இராது. ஆகவே சராசரியைவிடச் சிதறலே முக்கியம். அதை அளக்கும் எண் வெய்புல் மட்டு; அது உயர்ந்தால் சிதறல் குறைவு. 100 தட்டுகளில் 63 உடைந்துவிடும் தகைப்பு (ஓரலகுப் பரப்பில் தாங்கும் விசை) 20 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதியான 10 மெகாபாஸ்கலில், மட்டு 5 ஆயின் 100 இல் மூன்று தட்டுகள் உடையும்; மட்டு 10 ஆயின் ஏறத்தாழ 1000 இல் ஒன்றுதான் உடையும். கூரைக்கு ஓடு வாங்குபவருக்கு வேண்டியது இந்த வேறுபாடு.

இதற்கு வேறொரு வழி, வெடிப்பை நெருக்கி நிறுத்துவது. 1999 இல் லாங்கே என்ற ஆய்வாளரின் குழுவினர் தடித்த அலுமினாப் (அலுமினியம் ஒட்சைட்டுப் பீங்கான்) படைகளுக்கிடையே, அலுமினாவும் சிலிக்காவும் சேர்ந்த முல்லைட் கலந்த மெல்லிய படைகளை இறுகப் பிணைத்தனர். முல்லைட்டின் வெப்ப விரிகை குறைவு. எனவே குளிரும்போது அப்படை குறைவாகச் சுருங்கி, அமுக்கத் தகைப்பில் மாட்டிக்கொள்கிறது. அயலில் தொடங்கிய வெடிப்பு அந்த அமுக்கத்தில் நின்றுவிடுவதால், ஒரு குறித்த தகைப்புக்குக் கீழே, குறை பெரிதோ சிறிதோ, பொருள் உடைவதில்லை. உங்கள் மாணவர்கள் நடுப்படையில் நுண்ணிய வெண்மணல் சேர்த்து, வெளிப்படைகளை மணலின்றி விடலாமே. அந்த வெண்மணல் (படிகமணல்) விரிகையைக் கூட்டும். ஆறும்போது நடு அதிகம் சுருங்கி, மேற்பரப்பை அமுக்கத்தில் வைக்கும்.

சூளைக்காரர், ஒட்டுசுட்டான்
பிள்ளை எழுதியது ஆறும்போது நடப்பது. அதற்கு முன் உலரும்போது நடப்பதை விட்டுவிட்டார். மணலில்லாத மண் உலர்கையில் அதிகம் சுருங்கும், மணல் கலந்தது குறைவாகச் சுருங்கும். அப்படியானால் வெளிப்படை இழுபட்டு, சூளைக்குப் போகுமுன்பே மயிர்வெடிப்பு விழுந்துவிடும். பங்குனி வெயிலில் எத்தனை வெட்டு ஓடுகளை நான் அப்படிக் கொட்டியிருக்கிறேன் என்பதைச் சொல்லவே வெட்கம். வெளிமண்ணில் அதே மண்ணின் சுட்ட ஓட்டுத்தூளைச் சலித்துக் கலந்தால் உலர்சுருக்கம் குறையும், விரிகையும் கூடாது. ஈரச் சாக்கு மூடி நிழலில் உலர்த்துங்கள்.

ஆசிரியரின் தட்டிலும் எனக்கு ஐயம் உண்டு. மாரியில் அந்த உமிப்படை நீரைக் குடிக்கும். விளிம்பிலிருந்து தகடு தகடாகக் கழன்றால் என்ன செய்வீர்கள்?

முழங்காவில் ஆசிரியர்
நீர் பற்றிய ஐயம் நியாயமானது. விளிம்பை மண்குழம்பால் அடைத்துப் பார்க்கிறோம். ஆனால் மாணவியின் மாற்றுவழிக்கும் ஒரு விலை உண்டு. அமுக்கப்படை வெளித்தெரியும் விளிம்பில், படைக்குக் குறுக்காக இழுவை தோன்றுகிறது. படை தடித்தால் அங்கே தானாகவே பிளக்கும். மேலும் லாங்கே குழுவினரின் தட்டில் இழுவை படைகளுக்குச் சமாந்தரமாக இருந்தது. அமுக்கப்படை வேறு திசையில் அமைந்தால் அதே காப்பை எதிர்பார்க்க முடியாது. நலிவும் அளவோடுதான் தேவை. வெடிப்பு திரும்புவதற்கு, இரு படைகள் சந்திக்கும் இடைமுகத்தின் வலிமை பொருளின் வலிமையில் ஐந்திலொன்று போதும் என்று 1964 இலேயே குக்கும் கோர்டனும் கணித்தனர். எங்கள் முதல் தொகுதியில் உமி மிகையாகிவிட்டது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் முன்னறிவிப்பின்றி உடையும் தட்டைவிட, விரிசல் காட்டி நிற்கும் தட்டு தலைக்கு மேலே இருப்பதையே விரும்புவேன்.

அறிவியல்நகர் மாணவி
சேர், நீங்கள் எச்சரிக்கையைக் கேட்கிறீர்கள், நான் குறைந்தபட்ச உத்தரவாதத்தைக் கேட்கிறேன், இரண்டும் ஒன்றல்ல. ஐந்து தட்டை உடைத்துச் சராசரி எழுதினால் இவற்றில் எதுவும் தெரியாது. ஒற்றைத் தட்டு, உமித் தட்டு, மணல் நடுத்தட்டு ஒவ்வொன்றிலும் 30 செய்யுங்கள். இரண்டு தாங்கிகளில் வைத்து, நடுவில் வாளியைத் தொங்கவிட்டு, நீரை மெதுவாக ஊற்றி, முதல் வெடிப்பின் சுமையையும் இறுதி முறிவின் சுமையையும் தனித்தனியே குறியுங்கள். வரைபை நான் போட்டுத் தருகிறேன்.

சூளைக்காரர், ஒட்டுசுட்டான்
சூளை நான் தருகிறேன். மூன்று வகையையும் ஒரே நாளில், மேல்வரி கீழ்வரி மாற்றிக் கலந்து அடுக்க வேண்டும். ஒரு வகையை மட்டும் நெருப்புக்கு அருகில் வைத்துவிட்டு அதன் வெற்றியை என் மண்ணின் பேரில் எழுதக்கூடாது.