மறு: கால்பந்தில் 18 வயது நிறையாதோரின் பன்னாட்டு டிரான்ஸ்பர்: தமிழில் எப்படி?

குழுவினருக்கு வணக்கம்.

> "வீரர் விற்பனை" என்றே வைத்துவிடலாமே, நாளிதழ்கள் அப்படித்தானே எழுதுகின்றன?

விளையாட்டுப் பக்கத்துக்கு அது போதும், சட்ட அகராதிக்கு ஆகாது. ஒப்பந்தம் முடிந்து காசில்லாமல் கழகம் மாறுகிறவரும் உண்டு, கடனாக அனுப்பப்படுகிறவரும் உண்டு. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிக்கு எல்லாம் ஒரே இனம். வீரரின் பெயர் எந்த நாட்டுச் சங்கத்தில், எந்தக் கழகத்தின் கீழ் பதிவாகியிருக்கிறது என்பதுதான் அதற்குக் கணக்கு. ஆகவே "பதிவுமாற்றம்" என்று முன்மொழிகிறேன்.

"இடமாற்றம்" என்றதும் அரசு ஊழியர் நினைவுக்கு வருகிறார். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் 18 வயது நிறையாதோர் பற்றிய ஃபிஃபாவின் 19ஆம் விதி எந்தச் சிறாரையும் நாடு மாறாதே என்று சொல்வதில்லை. போன நாட்டில் கழகம் அவரைப் பதிவு செய்வதைத்தான் தடுக்கிறது. இந்த விதியை மீறியதற்காக 2014இல் பார்சிலோனா கழகத்துக்கு 4,50,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும், அடுத்தடுத்த இரண்டு டிரான்ஸ்பர் காலங்களில் புது வீரர்களைப் பதியத் தடையும் விழுந்தன. குற்றமும் பதிவு, தண்டனையும் பதிவு!

இந்த விதியின் விலக்குகளை எழுதிப் பார்த்தால் இது இன்னும் தெளியும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 நிறைந்தவரைப் பதியலாம், ஆனால் படிப்புக்கும் தங்குமிடத்துக்கும் கழகம் பொறுப்பேற்க வேண்டும். எல்லையோரத்தில் என்றால் வீடும் கழகமும் எல்லையிலிருந்து 50 கி.மீ.க்குள் இருக்க வேண்டும். பெற்றோர் கால்பந்து சாராத காரணத்துக்காகக் குடிபெயர்ந்திருந்தாலும் பதியலாம். வம்பெல்லாம் இந்தக் கடைசி விலக்கில்தான். கழகமே அப்பாவுக்கு ஒரு வேலை பார்த்துக் கொடுத்துக் குடும்பத்தையே வரவழைத்துக்கொண்டால், அது என்ன காரணம்? இங்கே "குடிபெயர்வு" ஒரு செயல், "பதிவுமாற்றம்" வேறொரு செயல். இரண்டையும் "இடமாற்றம்" என்றே எழுதினால் விதி புரியாமலே போய்விடும்.

என் சொல்லிலும் ஓர் இடறல் இருக்கிறது. எந்த நாட்டிலும் பதிவாகாத அயல்நாட்டுச் சிறாரை முதன்முதலாகப் பதிவதற்கும் இதே விதிதான். அங்கே மாற ஒன்றுமில்லை. அதற்கு "முதற்பதிவு" என்று தனிச்சொல் வைத்து, இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ் தரலாம்.

"பன்னாட்டு" இருக்கட்டும். இங்கிலாந்துக் கழகத்திலிருந்து ஸ்காட்லாந்துக் கழகத்துக்குப் போனாலும், சங்கங்கள் வேறுவேறு என்பதால், ஃபிஃபா கணக்கில் அது பன்னாட்டு மாற்றமே என்று விளக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும்.

"மைனர்" என்பதற்குச் "சிறார்" வேண்டாம். பதினேழரை வயதுத் தடுப்பாட்டக்காரரைச் சிறார் என்றால் அவரே சிரிப்பார் (மேலே நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், மடலுக்கு அது போதும்). சட்டத் தமிழில் "இளவர்" ஏற்கெனவே இருக்கிறது. இலங்கை வழக்கான "பராயமடையாதவர்" என்பதையும் பக்கத்தில் தர வேண்டும்.

ஆக, அகராதியில் தலைச்சொல் இப்படி: இளவர் பன்னாட்டுப் பதிவுமாற்றம். வளர்த்தெடுத்த கழகத்துக்குச் சேரும் தொகையை "பயிற்சி இழப்பீடு" என்பதில் எனக்கு உடன்பாடில்லை, அதைத் தனி இழையில் பேசுவோம். "பதிவுமாற்றம்" நிலப்பத்திரம் போல ஒலிக்கிறது என்று யாராவது சொல்வீர்கள். சொல்லுங்கள், மாற்றுச் சொல்லோடு.