புதுப்பிப்பு: சமூக வலைதளங்களை விட்ட பிறகு

இரவுத் தூக்கம் கெடுகிறது, அதனால் சமூக வலைதளங்களை விடப் போகிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன். பிறகு என்ன ஆயிற்று என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் இரண்டையும் நீக்கிவிட்டேன். தற்காலிகமாக முடக்கினால் எப்போது வேண்டுமானாலும் திரும்பிவிடலாம் என்பதால் நிரந்தர நீக்கத்தையே தேர்ந்தெடுத்தேன். அதிலும் மனம் மாற 30 நாட்கள் அவகாசம் தருகிறார்கள். அந்த நாட்கள்தான் மிகக் கடினம். குடும்பத்துக்காக வாட்ஸ்அப் மட்டும் இருக்கிறது, ஸ்டேட்டஸ் பார்ப்பதில்லை.

தூக்கம் பெருமளவு திரும்பிவிட்டது. ஆனால் மனம் உடனே தெளிந்துவிடும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். 2018இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வுக்காக நான்கு வாரங்கள் ஃபேஸ்புக்கை நிறுத்தியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம் மிச்சமானது. மனநலமும் முன்னேறியது, ஆனால் சிறிதளவுதான். எனக்கும் அப்படித்தான். மிச்சமான நேரத்தை எதில் செலவிடுகிறோம் என்பதுதான் பெரிய விஷயம். நான் மாலையில் சேலம் கன்னங்குறிச்சியில் உள்ள மூக்கனேரி ஏரிக்கரையில் நடக்கிறேன். ஏரிக்குள் இருக்கும் மண்திட்டுகளின் மரங்களில் பறவைகள் வந்து அடையும் நேரம் அது. எதைப் பார்த்தாலும் படமெடுத்து யாருக்காவது காட்ட வேண்டும் என்ற தவிப்பு முதலில் விடவே இல்லை, இப்போது தணிந்திருக்கிறது. ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் போனபோது 20 கொண்டை ஊசி வளைவுகளும் முடியும்வரை அம்மாவுடன் பேசிக்கொண்டே போனேன்.

இழப்பும் உண்டு. கல்லூரித் தோழிக்குக் குழந்தை பிறந்த செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. மிகவும் வருந்தினேன். இனி ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவது என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம்.