நனைந்த அட்டைப்பெட்டி வாசனை

கூழாங்கல் எழுதியது:
பிரான்ஸில், போர்தோவில் வேலை முடிந்து ஊர் திரும்ப நான்கு நாள் இருந்தது. உடன் வேலை பார்த்த பெண்ணின் வீட்டில் வழியனுப்பு விருந்து. அவளுடைய அப்பா நிலவறையிலிருந்து அந்தப் பக்கத்து மெதோக் வட்டாரத்தின் 1996 சிவப்பு ஒயின் புட்டி ஒன்றை எடுத்துவந்தார். கபர்னே சோவின்யோன் திராட்சை தூக்கலாக, மெர்லோ திராட்சை துணைக்கு. மெதோக் இருக்கும் ஆற்றின் இடது கரைக்கு அது எப்பேர்ப்பட்ட நல்ல ஆண்டு என்று இங்கே விளக்கத் தேவையில்லை.

மூக்கை வைத்தேன். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி. பழமும் இல்லை, மரமும் இல்லை. தக்கை கெடுத்த ஒயின் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. மேசையைச் சுற்றி எட்டுப் பேர். என்ன வாசனை என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். "பிளாக்கரண்ட் பழம்" என்றார் ஒருவர். "தேவதாரு" என்றார் இன்னொருவர். என் முறை வந்தது. "பென்சில் சீவல்" என்றேன்.

பாட்டி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். மகனுடைய கிளாஸை எடுத்து ஒரே ஒரு தடவை முகர்ந்தார். ஒன்றும் பேசாமல் புட்டியைக் கொண்டுபோய்த் தொட்டியில் கவிழ்த்தார். திரும்பி வந்து மேசையை ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லார் கிளாஸிலும் பாதி இறங்கியிருந்தது. என்னுடையது மட்டும் ஊற்றியபடியே இருந்தது. "உனக்குத் தெரிந்திருக்கிறது" என்றார். கோபமாகக்கூட இல்லை. இன்றும் பென்சில் சீவும்போதெல்லாம் அந்தக் குரல் கேட்கிறது.

நாவற்பழம் எழுதியது:
எனக்கு மெதோக்கின் பொயாக் ஊரில், ஒரு ஏப்ரலில். முந்தைய அறுவடையின் ஒயின், இன்னும் 225 லிட்டர் பீப்பாயில்தான் இருந்தது. கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி ஊற்றினார்கள். "டானின் எங்கே தெரிகிறது?" என்று நிலவறைக்காரர் கேட்டார், திராட்சைத் தோலும் விதையும் ஒயினுக்குத் தரும் பொருளைத்தான். உடன் வந்தவர்கள் எல்லோரும் "கசப்பு, கசப்பு" என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அது கசப்பே இல்லை, துவர்ப்பு! கசப்பு நாக்கின் வேலை. இதுவோ மேலுதட்டை ஈறோடு ஒட்டவைக்கிறது. பள்ளிவிட்டு வரும் வழியில் ஒரு கை நாவற்பழம் தின்றால் வாய் எப்படி ஆகும், அதேதான். பல்லும் நாக்கும் நீலம் பாரித்ததுகூட அப்படியே. தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் அதைச் சொன்னேன். அவர் பழத்தின் பெயரை இரண்டு முறை கேட்டு, சாக்கட்டியால் அந்தப் பீப்பாயின் முகப்பில் எழுதினார்: 'நாவல்'. பீப்பாயைக் கழுவியபோது அது அழிந்திருக்கும். எதற்காகவோ அதை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்விக்குறி எழுதியது:
பாட்டிக்கும் நாவற்பழத்துக்கும் வணக்கம். ஆனால் நாம் எல்லோரும் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம். அதே போர்தோவில் ஒயினியல் மாணவர்கள் 54 பேருக்கு, வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். 2001இல் வெளியான ஆய்வு. சிவப்பு ஒயினுக்குரிய சொற்களையே தேடிப்பிடித்து எழுதிக்கொடுத்தார்கள் மாணவர்கள். ஆகவே கூழாங்கல்லின் மேசையில் தேவதாரு என்றவருக்கு உண்மையிலேயே தேவதாரு வந்திருக்கும். கண் லேபிளைப் பார்க்கிறது, மூக்கு தலையாட்டுகிறது.

என் கதை சின்னது. சாந்தியாகோவில், லேபிள் தெரியாதபடி துணி சுற்றிய புட்டி. "மெர்லோ, சந்தேகமே இல்லை" என்று மேசையைத் தட்டினேன். அவிழ்த்தால் கார்மெனேர் என்ற வேறு திராட்சை. 1994 வரை சிலி நாடே அந்தக் கொடியை மெர்லோ என்று நினைத்துத்தான் வளர்த்துக்கொண்டிருந்தது. எனவே எனக்கு வெட்கமில்லை. மேசையைத் தட்டியதற்கு மட்டும் கொஞ்சம் இருக்கிறது.

மெழுகுவத்தி எழுதியது:
1982 சேன்ட் எமிலியன், அதுவும் போர்தோ ஒயின்தான், நண்பர் கொடுத்தது. விருந்துக்கு மூன்று மணி நேரம் முன்பே குடுவையில் ஊற்றிவைத்தேன். விருந்தாளிகள் வந்தபோது வெறும் புளிப்பும் சாயமும்தான் மிச்சம். என் கதை அவ்வளவுதான். நீங்களாவது ஒழுங்காகச் செய்யுங்கள்.

வயதான புட்டியை முதல் நாளே நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் இறங்கட்டும். கழுத்துக்குக் கீழே மெழுகுவத்தியை ஏற்றி, ஒரே வீச்சில் மெதுவாக ஊற்றுங்கள். கழுத்தில் கருப்பு நூல்போல வண்டல் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். 'இன்னும் ஒரு விரல் இருக்கிறதே' என்ற ஆசை வேண்டாம். முதிய ஒயினைக் குடிப்பதற்குச் சற்று முன்புதான் ஊற்ற வேண்டும். இளம் கபர்னே என்றால் இரண்டு மணி நேரம் தாங்கும். வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி. 'அறை வெப்பநிலை' என்று எழுதிவைத்த புண்ணியவான்கள் யாரும் மே மாதத்துச் சென்னையில் குடியிருந்ததில்லை. கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். வெள்ளைத் துணிக்கு மேலே சாய்த்து விளிம்பைப் பாருங்கள். ஊதா என்றால் பிஞ்சு, செங்கல் நிறம் என்றால் முதிர்ந்தது. குடைமிளகாய் வாசனை வந்தால் பதற வேண்டாம், கபர்னே முழுதாகப் பழுக்காத குளிர்ந்த ஆண்டுகளில் அது சகஜம்.

கேள்விக்குறிக்கு: அந்த மாணவர்களுக்குக் கெட்ட ஒயினைக் கொடுக்கவில்லை. தக்கை வாசனைக்குக் காரணமான பொருள் லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே பழகிய மூக்குக்குத் தெரியும். ஆனால் மூக்கு சீக்கிரம் மரத்தும்போகும். முதல் முகர்வைத்தான் நம்ப வேண்டும். பாட்டி ஒரு தடவையோடு நிறுத்தியதைக் கவனித்தீர்களா? கூழாங்கல்லுக்கு: அடுத்த முறை வாயைத் திறந்து "இன்னொரு புட்டி திறக்கலாமா?" என்று கேளுங்கள். அதில் அவமரியாதை எதுவுமில்லை.

கேள்விக்குறி எழுதியது:
குடைமிளகாய் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லையே, ஐயா.

நாவற்பழம் எழுதியது:
கேள்விக்குறி, துணி சுற்றிய புட்டியில் நீங்கள் தோற்றதற்கு ஊரில் உள்ள எல்லா மூக்கையும் குற்றம் சொல்லாதீர்கள். என் ஈறுக்கு லேபிள் படிக்கத் தெரியாது.

கூழாங்கல் எழுதியது:
மெழுகுவத்தி, இன்னொரு புட்டி இல்லை. மகள் பிறந்த ஆண்டின் அறுவடை என்று அவர் ஆறு புட்டி வாங்கிவைத்திருந்தார். அதுதான் கடைசி.

கேள்விக்குறி, தேவதாரு என்றவர் அந்த அப்பாதான். சொல்லும்போது மகளைத்தான் பார்த்தார், கிளாஸை அல்ல.