ஜிபிஐஓ 17 கேர்னல் 6.6இல் திறக்கவில்லை: 'ஸ்டேபிள்' என்றால் எதற்கு உத்தரவாதம்?

தாங்கிக்காரன், வெள்ளவத்தை:
எங்கள் தொடர்மாடியில் மேல் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டரை ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினிதான் போட்டு நிறுத்துகிறது. மோட்டரின் ரிலே (மின் சுவிட்ச்) ஜிபிஐஓ 17 என்ற இணைப்பு முனையில் (pin) இருக்கிறது. அதைத் திறக்க ஸ்கிரிப்ட் சிஸ்எஃப்எஸ்ஸில் (கேர்னல் தன் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) உள்ள எக்ஸ்போர்ட் கோப்பில் 17 என்று எழுதும். லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல் 6.1 போய் 6.6 வந்ததும் 'இன்வாலிட் ஆர்கியுமென்ட்' என்கிறது. பழைய எஸ்டி கார்ட்டைப் போட்டால் ஓடுகிறது, ஆகவே ரிலேயில் பிழை இல்லை.

கேர்னல் ஆவணத்தில் இந்த இடைமுகம் ஏபிஐ (ABI, நிரல்களுக்கான கேர்னல் இடைமுகங்கள்) அடைவில் 'ஒப்சலீட்' (வழக்கொழிந்தது) பகுதியில் கிடக்கிறது. 2020க்குப் பிறகு நீக்கப்படும் என்றும் இருக்கிறது. நீக்கிவிட்டார்களா? ஆனால் எக்ஸ்போர்ட் கோப்பு இன்னும் இருக்கிறதே! 6.6 ஸ்டேபிள் கேர்னல் என்றும் சொல்கிறார்கள். தலை சுற்றுகிறது.

பின்கம்பி, கொட்டாஞ்சேனை:
17க்குப் பதில் 529 எழுதிப் பாருங்கள். 512ஐக் கூட்டவேண்டும்.

தெஹிவளை வாசகி:
529 இன்றைக்கு மோட்டரை ஓட்டும். ஆனால் தம்பி, நீங்கள் இரண்டு ஸ்டேபிளைக் கலந்துவிட்டீர்கள். 6.6 வரிசை ஸ்டேபிள் என்றால், அதில் இனித் திருத்தங்கள் மட்டுமே சேரும் என்று அர்த்தம். 6.1இல் இருந்து தாவுபவருக்கு அது எந்த வாக்கும் கொடுக்கவில்லை. ஏபிஐ அடைவின் ஸ்டேபிள் பகுதி வேறு: அங்கே இருக்கும் இடைமுகத்துக்குக் குறைந்தது 2 வருடம் பின்னோக்கிய இணக்கம் உண்டு. டெஸ்டிங் பகுதியில் இருப்பதையும் பயன்படுத்தலாம், மாற்றங்களைக் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும். ஒப்சலீட் என்றால் கேர்னலில் இருக்கிறது, பிறகு ஒருநாள் போகும். 2020 அதற்கான அறிவிப்பு மட்டும். உங்களைப் போலப் பலர் பிடித்துக்கொண்டிருப்பதால் இன்னும் போகவில்லை.

அந்த 17 என்ற எண்ணுக்கு மூலக் கேர்னல் பொறுப்பே இல்லை. இந்த முனைகளை இயக்கும் சிப்புக்கான தொடக்க எண்ணை அது தானாகவே ஒதுக்கும். ராஸ்பெரி பைக்கான கேர்னலில் தனியாக ஒரு ஒட்டுப் (பேட்ச்) போட்டு அதை 0 ஆக வைத்திருந்தார்கள், 6.6இல் அந்த ஒட்டு இல்லை, அதனால் இப்போது 512இல் தொடங்குகிறது. ஆவணத்தில் எத்தனை தடவை தேடினாலும் இது அகப்படாது.

தாங்கிக்காரன்:
529 வேலை செய்கிறது, நன்றி அக்கா. அப்போ நிரந்தரமாக என்ன செய்வது?

தெஹிவளை வாசகி:
லிப்ஜிபிஐஓடி (libgpiod) என்ற நிரல் நூலகத்துக்கு மாறுங்கள். அது கேர்னல் 4.8இல் வந்த கேரக்டர் டிவைஸ் (சிப்பைச் சாதனக் கோப்பாகக் காட்டும் இடைமுகம்) வழியாகப் பேசும். அங்கே எண் அந்தச் சிப்புக்குள் எத்தனையாவது என்பதுதான், அதனால் திரும்பவும் 17.

பின்கம்பி:
ஒன்று கவனம். லிப்ஜிபிஐஓடியின் ஜிபிஐஓசெட் கட்டளை முடிந்து வெளியேறிய பிறகு அந்த முனை அதே நிலையில் இருக்கும் என்று நம்பக் கூடாது. மோட்டர் ஓடும் வரைக்கும் அந்த ப்ராசஸ் உயிரோடு இருக்கவேண்டும். சிஸ்டம்டி சர்விஸாக (லினக்ஸ் பின்னணியில் ஓடவிடும் நிரலாக) போட்டுவிடுங்கள்.

தாங்கிக்காரன்:
சரி, ஞாயிறு மாற்றுகிறேன். அதுவரை 529.